ஆடுகளத்தில் ஓர் இடம், வகுப்பறையில் ஓர் இடம்: ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் கல்லூரித் தேர்வு

இந்த நிகழ்வு 2022 மே மாதத்தில் தொடங்கி 2025 ஜூலையில் முடிகிறது. நான் கரூர் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியை. மாணவி, பெற்றோர், கல்லூரிகள் ஆகியோரின் பெயர்களைத் தரவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில், மாணவியின் ஒப்புதலோடு இதைப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

கரூரில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை மின்னொளியில் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கு வந்து பந்து கேட்ட பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் பலர். இம்மாணவியும் அப்படித்தான் ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அவருடைய உயரம் 162 செ.மீ. அந்த உயரத்துக்கு அணியில் பாயின்ட் கார்டைத் தவிர வேறு இடம் கிடையாது. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அந்த இடத்துக்கு ஓர் அணியில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்தான் இருப்பார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தந்தை வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கட்டிங் மாஸ்டர்; தாய் வீட்டிலேயே பீஸ் கணக்கில் தைப்பவர். மகளுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்க வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். முன்னாள் இந்திய அணித் தலைவியும் தெற்கு ரயில்வே ஊழியருமான அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்தச் செய்தித்தாள் பக்கத்தைத் தந்தை வெட்டி எடுத்து வைத்திருந்தார். மகளுக்கோ ஊட்டச்சத்து மற்றும் உணவுமுறைப் பாடத்தில் பி.எஸ்சி. படிக்க விருப்பம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்றுதான் அப்போது நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சான்றிதழ் விஷயத்தில் அந்த ஆண்டு மாணவர்களுக்கு ஒரு குறை இருந்தது. கொரோனா காரணமாக 2020-21இல் போட்டிகளே நடக்கவில்லை. பதினோராம் வகுப்பில் மாநில அணிக்குத் தேர்வாகித் தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் அந்த ஓராண்டை அப்படியே இழந்தார்கள். இவர் கையில் இருந்தவை மாவட்ட அணிக்காக மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ்கள் மட்டுமே. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு; ஆனால் அங்கே தரவரிசை சான்றிதழின் தகுதியைப் பொறுத்தது என்பதால், தேசியப் போட்டிக்குச் சென்றவர்களுக்குப் பின்னால்தான் இவர் நிற்க வேண்டியிருக்கும். மேலும் அவ்வாண்டு சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு ஆகஸ்ட் இரண்டாம் பாதியில்தான் தொடங்கியது. கலைக் கல்லூரிகள் அதற்கு முன்பே திறந்துவிடும். மாணவிக்கும் அதில் ஆர்வம் இல்லாததால் பொறியியலை விட்டுவிட்டோம்.

வந்த வாய்ப்புகள்

மூன்று வாய்ப்புகள் இருந்தன. முதலாவது, சென்னைக்கு அருகே உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். படிப்புக் கட்டணம், விடுதி, உணவு, ஷூ, ஜெர்சி என எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. மரத்தளம் போட்ட உள்ளரங்கம், காலையும் மாலையும் பயிற்சி. இரண்டாவது, சென்னையில் உள்ள ஒரு தன்னாட்சி மகளிர் கல்லூரி. அங்கே படிப்புக் கட்டணத்தில் பாதி மட்டும் தள்ளுபடி; விடுதிக்கும் உணவுக்கும் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது, திருச்சியில் ஒரு கல்லூரி. வாராவாரம் மகள் வீட்டுக்கு வந்துபோகலாம் என்பதால் தாய்க்கு அதுவே பிடித்திருந்தது. ஆனால் அங்கே மகளிர் அணிக்கு ஐந்து பேர் சேர்வதே சிரமம் என்று தெரிந்ததும் அவரே அதைக் கைவிட்டார்.

மீதமிருந்த இரண்டுக்கும் இடையே, வெளியில் பார்ப்பவருக்குத் தெரியாத வேறுபாடு ஒன்று உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அதுவே பல்கலைக்கழக அணி. நேராகத் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம், அதில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கும் போகலாம். மகளிர் கல்லூரியோ வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அத்தகைய இணைப்புக் கல்லூரியில் படிக்கும் பெண் முதலில் தன் கல்லூரிக்காக ஆட வேண்டும். அதன்பின் தேர்வு முகாமில் மற்றக் கல்லூரிப் பெண்களோடு போட்டியிட்டுப் பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேரில் ஒருவராக வேண்டும். ஒரு படி கூடுதல். இந்த ஒரு படியில் நின்றுபோன நல்ல ஆட்டக்காரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ட்ரையல்ஸில் கண்டவை

பொதுத்தேர்வு முடிந்த கையோடு மே மாத இறுதியில் இரண்டு இடங்களுக்கும் மாணவியை நானும் அவருடைய தாயும் அழைத்துச் சென்றோம். பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் ட்ரையல்ஸ். ஏறக்குறைய நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் உடல்தகுதிச் சோதனை. இரண்டாம் நாள் அங்கே ஏற்கெனவே படிக்கும் பெண்களோடு கலந்து ஓர் ஆட்டம். நாற்பது நிமிட ஆட்டத்தில் எங்கள் பெண் களத்தில் இருந்தது ஆறரை நிமிடம். ஆறரை நிமிடமும் நன்றாகவே ஆடினார். அன்று மாலையே இடம் உறுதி என்றும் சொல்லிவிட்டார்கள்.

நான் கேலரியில் உட்கார்ந்து எதிரணி கார்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர். இருவர் இளநிலை முதலாண்டை முடித்தவர்கள்; மூன்றாமவர் பட்டம் முடித்து அதே இடத்தில் எம்.பி.ஏ. சேரப்போகிறவர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 25 வயது வரை ஆடலாம் என்பதால், முதுநிலைப் படிப்பில் சேர்த்துக்கொண்டு தேர்ந்த ஆட்டக்காரிகளை அணியிலேயே வைத்திருப்பது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பதினேழு வயதில் உள்ளே போகும் ஒரு கார்டு, தனக்கு முன்னால் இருப்பவர்கள் எந்த ஆண்டு வெளியேறுவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கணக்கில், இரண்டாம் ஆண்டு முடியும் வரை இவருக்கு நிலையான இடம் இல்லை.

படிப்பு பற்றிக் கேட்டபோது, ஆய்வகம் உள்ள பாடங்களுக்கு ஸ்போர்ட்ஸ் சீட் கிடையாது, பி.பி.ஏ., பி.காம்., விஸ்காம் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். காலைப் பயிற்சி எட்டரை வரை நீள்வதால் முதல் வகுப்புக்குப் பெரும்பாலும் ஓ.டி. (விளையாட்டுக்காக வராத வகுப்புக்கும் வருகை தரும் ‘ஆன் டியூட்டி’) போட்டுவிடுவார்களாம். தண்ணீர் குடிக்க வந்த ஒரு சீனியர் பெண்ணிடம் எங்கள் மாணவி, “படிக்க நேரம் கிடைக்குமாக்கா?” என்று கேட்டார். அந்தப் பெண் மறைக்காமல், “எக்ஸாமுக்கு ஒரு வாரம் விடுவாங்க. மத்தபடி படிப்ப நாமளாப் பாத்துக்கணும்” என்றார்.

மகளிர் கல்லூரியில் ஒரே மாலையில் தேர்வு முடிந்துவிட்டது. திறந்தவெளி சிமென்ட் தளம். ஒரு போர்டின் வலை பாதி கிழிந்திருந்தது. ஆனால் அவர்களுடைய கார்டுகள் இருவரும் அந்த ஆண்டுதான் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள். ஊட்டச்சத்துப் பாடம் முதல் ஷிப்ட்டில் இருந்தது: வகுப்பு காலை எட்டரை முதல் ஒன்றேகால் வரை, வாரத்தில் இரண்டு நாள் ஆய்வகம் மாலை நாலேகால் வரை, பயிற்சி மூன்றே முக்காலுக்கு. ஆய்வக நாள்களில் அரைமணி தாமதமாக வரலாம் என்று உடற்கல்வி இயக்குநர் முதலிலேயே சொன்னார். அதோடு அலமாரியிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். எந்த மாணவி எந்தத் தேதியில் போட்டிக்குச் சென்றார், தவறிய அகமதிப்பீட்டுத் தேர்வு மீண்டும் எப்போது நடத்தப்பட்டது, யார் கையெழுத்து என்று வரிவரியாக எழுதியிருந்தது. கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும் அந்த அறையில்தான் இருந்தது; அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

முடிவும் காரணங்களும்

ஜூன் 20ஆம் தேதி தேர்வு முடிவு வந்தது, 600க்கு 486. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று நாளில் அசல் சான்றிதழ்களோடு வரும்படி தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சேர்க்கைக்கு வரும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. விளையாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அசல் கைவிட்டுப் போனால் மனம் மாறினாலும் வேறு கல்லூரிக்குப் போக முடியாது. அதனால் நகல்களை மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

தந்தையின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. “மூணு வருசத்துக்கு ஒத்தப் பைசா செலவில்லீங்க டீச்சர். சாப்பாடும் அவங்களே போடறாங்க. அத வேண்டாம்னுட்டு கடன வாங்கிப் படிக்க வெக்கறது நாயமுங்களா?” என்றார். மகளிர் கல்லூரியில் முதலாண்டுச் செலவு மட்டும் 92,000 ரூபாய். மூன்றாண்டுக்கும் சேர்த்து இரண்டே முக்கால் லட்சத்தை நெருங்கும். மாணவி தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: “அங்க போனா பெஞ்சுலதானுங்க மிஸ் உக்காந்திருப்பேன். படிப்பும் நான் கேட்டது இல்ல.”

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அடிபட்டு ஓராண்டு ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகை தொடருமா? பல்கலைக்கழகத்தில் தொலைபேசியில் கேட்டதற்கு, “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்றார்கள். எழுத்தில் தர முடியுமா என்றதற்குப் பதில் வரவில்லை. பெண்களின் முழங்கால் தசைநார் ஆண்களைவிட அதிகமாகக் கிழியும் விளையாட்டு இது. அறுவை சிகிச்சை செய்தால் மீண்டும் களத்துக்கு வர ஒன்பது மாதமாவது ஆகும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சலுகையில் ஒன்பது மாதம் என்பது ஒரு முழு ஆண்டு. விரும்பாத பாடத்தில், சலுகையும் நின்றுபோன நிலையில் இந்தப் பெண் என்ன செய்வார் என்பதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

இதைக் கேட்ட பிறகுதான் தாய் பேசினார். நான்கு பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து முதலாண்டுப் பணத்தைக் கட்டிவிடலாம் என்றார். மகளிர் கல்லூரி என்று முடிவாயிற்று.

தொடர்ந்து நடந்தவை

முதலாண்டில் கல்லூரி அணியில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இருபத்தைந்து நிமிடம் ஆடினார். பல்கலைக்கழகத் தேர்வு முகாமில் கடைசி இருபது பேருக்குள் வந்து, பன்னிரண்டு பேர் பட்டியலில் விடுபட்டார். முதல் பருவத்தில் துணைப்பாட வேதியியலில் ஓர் அரியரும் விழுந்தது. வருகைப்பதிவில் குறையில்லை; போட்டிக்குப் போன ஆறு ஆய்வக நாள்களுக்கும் ஓ.டி. முறையாகப் பதிவாகியிருந்தது. ஓ.டி. வருகையைத் தரும், ஆய்வகத்தில் செய்யாத டைட்ரேஷன் சோதனையைச் சொல்லித் தராது. இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. துறையிலிருந்த ஓர் இளம் ஆசிரியை சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைத்து உதவியதால் அடுத்த பருவத்தில் அந்தத் தாளை எழுதித் தேறினார்.

2023 ஆகஸ்டில் வேறு வேலையாகச் சென்னை சென்றபோது ஒரு ஆய்வக நாளில் அவருடைய கல்லூரிக்குப் போனேன். நாலு இருபத்தைந்துக்கு ஓடி வந்தார். மற்றவர்கள் கூடையருகே ஓடிவந்து பந்தைப் போடும் லே-அப் பயிற்சியில் இருந்தார்கள். போர்டுக் கம்பத்தில் சாய்ந்து ஷூ லேஸைக் கட்டும்போது கையிலிருந்து வெங்காய வாசனை வந்தது. சிறுநீரக நோயாளிக்கான உப்புக் குறைந்த மதிய உணவு அன்றைய பயிற்சி என்றார். ரெக்கார்டு நோட்டு பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதன் மூலையில் மஞ்சள் கறை. அந்த அரைமணித் தாமதத்துக்காக ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றுதான் என் மனம் ஓரளவு அமைதியடைந்தது.

இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையே வெள்ளத்தில் மூழ்கியதால் பருவத் தேர்வுகள் தள்ளிப்போயின. தள்ளிவைத்த இரண்டு தாள்கள் பயிற்சி முகாம் தேதிகளில் விழுந்தன. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் தேர்வுத் துறையே சிறப்புத் தேர்வு நடத்த முடிந்தது. நீளமான அந்த நோட்டில் இவர் பெயரும் ஏறியது. வங்கியில் இருந்த சங்கிலி 2024 மார்ச்சில் மீட்கப்பட்டது.

மூன்றாம் ஆண்டில் கல்லூரி அணித் தலைவியானார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிமென்ட் தளத்தில் குதித்ததன் விலையும் தெரிந்தது. ஆகஸ்டில் கணைக்கால் எலும்பின் முன்பக்கம் விடாத வலி. ஐந்து வாரம் ஆட்டம் இல்லை. கட்டணத்தையோ விடுதியையோ அது தொடவில்லை. அவ்வாண்டும் பல்கலைக்கழக அணியில் இருந்தார், ஆனால் முழு வேகத்தில் அல்ல. 2025 மே மாதம் 7.4 புள்ளிகளுடன் பட்டப்படிப்பை முடித்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெண்ணையும் குறிப்பிட வேண்டும். அதே ட்ரையல்ஸுக்கு எங்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்; 175 செ.மீ. உயரம், கூடைக்கு அருகில் ஆடும் ஃபார்வர்டு. அவர் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. சேர்ந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். ஆனால் அவருடைய அணி அகில இந்தியப் போட்டியில் பதக்கம் வென்றது. சான்றிதழில் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற கட்டம் கிடையாது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் சாதனைச் சான்றிதழ்களுக்கு 50 மதிப்பெண், ட்ரையல்ஸுக்கு 40, கல்வித் தகுதிக்கு 10. முதல் ஐம்பதில் பெஞ்சில் இருந்தவருக்கும் களத்தில் இருந்தவருக்கும் வேறுபாடில்லை. ட்ரையல்ஸில் 40க்கு 25 எடுத்தால்தான் சான்றிதழைப் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் தந்தையின் ஆசைக்கு அருகில் இருப்பது இன்று அந்தப் பெண்தான், எங்கள் மாணவி அல்ல. இதைத் தந்தையிடம் நான் நேரில் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, “போகட்டும் விடுங்க டீச்சர், கண்ணு படிச்சிருச்சில்ல” என்றார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

களத்தில் ஆடும் நிமிடங்களுக்கு நான் கொடுத்த எடை அதிகம். ஆட்டத்தை வளர்த்துக்கொள்ள நிமிடங்கள் வேண்டும். வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதை அன்று அந்த வீட்டில் தனித்தனியாகச் சொல்லியிருந்தால், தந்தை எதை விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்து விட்டுக்கொடுத்திருப்பார். முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் முழுமையாகத் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

உடற்கல்வி இயக்குநரை மட்டும் சந்தித்துவிட்டுத் திரும்பியது இன்னொரு பிழை. துறைத் தலைவரையும் பார்த்து, தவறும் ஆய்வக வகுப்புகளை எப்போது ஈடுசெய்வது என்று கேட்டிருந்தால் அந்த அரியரைத் தவிர்த்திருக்கலாம். பாடத்தின் பெயரைக் கேட்கிறோம், கட்டணத்தைக் கேட்கிறோம். கால அட்டவணையை யாரும் கேட்பதில்லை. தளத்தைப் பற்றியும் அலட்சியமாக இருந்துவிட்டேன். சிமென்ட் தளத்தில் ஆடும் பெண்ணுக்கு ஆண்டுக்கு இரண்டு ஜோடி நல்ல ஷூ வேண்டும். அந்தப் பணம் எங்கள் கணக்கில் எங்கும் இல்லை. அவர் ஒரே ஜோடியைத் தேயத் தேயப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது வலி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தத் தேடலையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, மூன்று நாள் கெடுவில் செய்வதும் சரியல்ல. இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே மாநிலப் போட்டிக்குப் போகும்போது அந்தந்த ஊர்க் கல்லூரிகளுக்குள் அழைத்துச் சென்று மாலைப் பயிற்சியைப் பார்க்க வைக்கிறேன்.

2025 ஜூனில் இவருக்கு முதுநிலைச் சேர்க்கைக்கான அழைப்பு வந்தது. அழைத்தது, மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வேண்டாம் என்ற அதே நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அன்று நான் பார்த்த கார்டுகள் மூவரும் வெளியேறியிருந்தார்கள். ஆய்வகப் பாடத்துக்கு அன்று இல்லாத ஸ்போர்ட்ஸ் சீட் இப்போது எம்.எஸ்சி. உணவியலுக்கு இருந்தது. கட்டணம் இல்லை, விடுதி இலவசம். அடிபட்டால் சலுகை தொடருமா என்ற கேள்வியை இம்முறை அவரே மின்னஞ்சலில் கேட்டு, தொடரும் என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்ந்தார்.

ஜூலையில் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இன்னொரு பெண் அங்கே ட்ரையல்ஸுக்குப் போய்வந்தார். அவரும் பாயின்ட் கார்டுதான். திரும்பி வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நம்ம ஸ்கூல் அக்கா எந்த வருசம் வரைக்கும் அங்க ஆடுவாங்க மிஸ்?”

2027 வரை என்றேன். அவர் நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார்.